தானாகப் போகும் கை

என் அப்பாவின் கை தானாகப் போகும். நான் சொல்லவில்லை, அவரே சொன்னது. குழம்பில் உப்புக் கூடினால் போகும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்தால் போகும், எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் கண்டிப்பாகப் போகும். அம்மாவின் கன்னத்தில் இறங்கிய பிறகு, “ஏதோ கை தானா போயிருச்சு” என்பார். ஒரு முறை கடைவாய்ப் பல் ஒன்று ரத்தத்தோடு அம்மிக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்கும் அதே வார்த்தைதான்.

பக்கத்து வீட்டு அத்தை, “ஆம்பளைக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது” என்பாள். அப்பாவின் கூட்டாளிகள் பழக்கதோஷம் என்பார்கள். பெரியப்பாவோ, “அது எங்க ரத்தத்துலயே வந்தது” என்று ஏதோ நாலு ஏக்கர் நஞ்சை வந்த மாதிரி பெருமையாகச் சொல்வார். அடிக்கிற கைக்கு எத்தனை வக்கீல்கள்.

பள்ளிக்கூடத்தில் அனிச்சைச் செயல் என்று ஒரு பாடம் வந்தது. சூடான பாத்திரத்தில் பட்ட கை மூளையைக் கேட்காமலேயே வெடுக்கென்று பின்னால் வந்துவிடும் என்று டீச்சர் நடத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக் கை பின்னால் வருகிற கை இல்லையே.

அப்பாவுக்கு மார்க்கையன்கோட்டைப் பக்கம் வாழைத்தார் வெட்டுகிற வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, அவருக்குச் சுமை ஆள். அப்பா மரத்தில் பாதிக்கு ஒரு வெட்டுப் போடுவார். மரம் மெல்லச் சாய்ந்து தார் மாமாவின் தோளுக்கு வரும். அது ஆடாமல் இருக்க மாமா வலது கையால் காம்பைப் பிடித்திருப்பார். பாரம் தோளில் நின்றதும் காம்பை விட்டுவிட்டு முழங்காலை லேசாக மடிப்பார். அதுதான் குறி. மடித்த மறுநொடி அரிவாள் காம்பில் இறங்கியிருக்கும். அப்பா காம்பைப் பார்க்கவே மாட்டார், முழங்காலைத்தான் பார்ப்பார். வேலையில் இருவருக்கும் பேச்சே தேவைப்படாது.

பல் விழுந்த மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் வீங்கிய தாடையைப் பார்த்துவிட்டு, அப்பாவின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்.

“இன்னொருக்க எங்க அக்கா மேல கை பட்டுச்சு, அந்தக் கை இருக்காது மச்சான்.”

தெருவே கேட்டது. அப்பா கசங்கிய சட்டையை நீவிவிட்டுக்கொண்டு வெளியே போனார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த வாரமே இருவரும் பழையபடி தோட்டத்துக்குப் போனார்கள். தார் முற்றிவிட்டால் யாருடைய கோபதாபத்துக்கும் காத்திருக்காது. லீவு நாள் என்பதால் சோற்றுத் தூக்கை நான் கொண்டு போயிருந்தேன். மாமா புதிதாக வாங்கிய செல்போன் அவருடைய பட்டாபட்டி டவுசர் பைக்குள் கிடந்தது. தார் தோளுக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது அது அலறியது. மாமா இடது கையைப் பைக்குள் விட்டார். விடும்போது முழங்கால் மடிந்தது. வலது கை காம்பிலேயே இருந்தது.

அரிவாள் இறங்கியது. இரண்டு விரல்கள் சருகின் மேல் விழுந்தன. மாமாவும் தாரும் ஒன்றாகச் சரிந்தார்கள். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா தன் கையைப் பார்த்தார். “கை தானா போயிருச்சு” என்றார். அந்த வார்த்தையை நான் முதல் முறையாக நம்பியது அன்றுதான்.

வேறு யார் நம்புவார்கள்? மாமாவைத் தேனிப் பெரியாஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏற்றி அனுப்பிய கையோடு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓடி வந்த அம்மாவின் சித்தப்பா மகன்கள் அப்பாவை மோட்டார் ரூம் வாசலில் தள்ளி மிதித்தார்கள். மரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கம்பு அவர் முதுகில் முறிந்தது. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஒருவர் அதே அரிவாளை எடுத்து ஓங்கிவிட்டார். “ஏலே, நீயும் உள்ள போகணுமா?” என்று மற்றவர் பிடித்து இழுத்ததால் அப்பா பிழைத்தார்.

மறுநாள் ஸ்டேஷனில் அப்பா உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பார்த்ததை நான் சொன்னேன். அப்பனுக்காகப் பிள்ளை வேறு எப்படிச் சொல்லும் என்று ஒதுக்கிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கேட்டார்.

“நீ சொல்லும்மா. தெரிஞ்சு வெட்டுனாரா, தெரியாம வெட்டுனாரா?”

அப்பா ஜெயிலுக்குப் போவதும் வீட்டுக்கு வருவதும் அவள் வாயில்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

“எம்மேல விழுகுறப்பெல்லாம் தானா போயிருச்சுன்னுதான் சொல்லுவாக சார். தார் வாங்குற யாவாரி இவுகள எம்புட்டோ வைவாரு. அவரு மேல ஒருநாளும் அந்தக் கை தானா போகல. தெரிஞ்சுதான் வெட்டுனாக.”

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு அவள் மேல் ஆத்திரமாகவும் வந்தது, அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. அவள் சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும்தான் பொய்.

மத்தியானம் மாமா பெரிய கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினார்.

“முழங்கால மடிச்சது நான் சார். மடிச்சா அந்தக் கை போகத்தான் செய்யும். அப்படித்தான் நாங்க வேல பாக்குறது” என்றார். அப்பா அப்போதுதான் அழுதார். மாமா அவர் பக்கம் திரும்பினார். “என் வெரலு போனது தானா, மச்சான். எங்க அக்கா பல்லு போனது தானா இல்ல. ரெண்டையும் ஒண்ணாச் சொல்லாதீக.”

கேஸ் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அப்பா அம்மாவை அடிக்கவில்லை. அரிவாளையும் தொடவில்லை, லாரியில் தார் அடுக்கப் போனார். மனுசன் திருந்திட்டாக என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். திருந்தத்தான் செய்தார், நான் மறுக்கவில்லை.

சில வருஷம் கழித்து உத்தமபாளையத்தில் எனக்குக் கல்யாணம். என் கழுத்தில் தாலி ஏறியதும் எல்லோரும் அட்சதை தூவினார்கள். அப்பா புதுச் சட்டையில், கலங்கிய கண்ணோடு எனக்கு முன்னால் வந்து கையைத் தூக்கினார். என் தோளை ஒட்டி நின்ற அம்மா சட்டென்று குனிந்து முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மேளக்காரர்கூடப் பார்த்துவிட்டார். அம்மா நிமிர்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணினாள். பெரியப்பா, பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவின் கூட்டாளிகள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். அம்மாவின் கை ஏன் அப்படிப் போனது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்பாவின் கை அரிசியோடு தூக்கிய இடத்திலேயே நின்றது. பிறகு அதை மெல்ல இறக்கி, மாமாவின் மூன்று விரல் கையில் அரிசியைக் கொட்டினார்.

“நீயே போடு மாப்ள” என்றார்.