ஏரியில் அளந்து வைத்த கப்பல்

சங்கிலி துரைசாமி இறந்துபோனார் என்று போன செவ்வாய்க்கிழமை ரயில் கேட் பக்கத்தில் சொன்னார்கள். கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு வருஷம்தான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனம் மூட்டை முடிச்சோடு எங்கள் திருமுல்லைவாயிலுக்கு வந்து, மாட்டுக்கொட்டகையைக்கூட வாடகைக்குக் கேட்ட வருஷம். அவரைத் தெரிந்தவர்களுக்காக இதைச் சொல்லி எழுத வைக்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடவும் வராது.

நிலம் அளப்பவர்களுக்குச் சங்கிலி பிடிப்பது அவர் வேலை. ரங்கூனுக்கு மூட்டை தூக்கப் போயிருந்த என் அண்ணன், சின்னக் கப்பல் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது என்று போட்ட கடிதத்தை அவர்தான் அண்ணிக்குப் படித்துக் காட்டினார். மறுநாளே ரயிலேறித் துறைமுகத்துக்குப் போனார். யுத்த காலம். கப்பல் எங்கே வருகிறது என்று யாரும் வாய் திறக்கவில்லை. அதில் முன்பு சமையல் வேலை பார்த்த ஒருவர் அளவை மட்டும் சொல்லியிருக்கிறார்: நீளம் இருநூற்று ஐம்பது அடி, அகலம் முப்பத்தாறு, புகைக்கூண்டு ஒன்று, மணிக்குப் பத்து மைல் ஓடும்.

வறண்டு கிடந்த ஏரியில் சங்கிலி போட்டு அந்த அளவுக்கு முளையடித்தார். ஆடு மேய்ப்பவர்கள், "அண்ணாத்தே, ஏறணும்னா டிக்கெட்டு இன்னா விலை?" என்று கிண்டலடித்தார்கள். அண்ணி பச்சையம்மாள் சிரிக்கவில்லை. அண்ணன் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான் என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் போய் நின்றாள்.

நாலைந்து நாளில் வரவேண்டிய கப்பல் வரவில்லை. தினமும் சாயங்காலம் துரைசாமி கணக்குப் போட்டு, இன்றைக்கு அந்தமான் தாண்டியிருக்கும், சுற்றுவழியில் வருகிறது என்று இடம் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஊர்ப் பெரியவர்கள், வைக்கோலில் உருவம் கட்டி எரித்துக் காரியம் முடித்துவிடலாம் என்றார்கள். அண்ணிக்கு அப்போது பத்தொன்பது வயசு. காரியம் முடிந்தால்தான் பழைய தாலியை அறுத்து இன்னொருவன் கட்ட முடியும். துரைசாமிதான் தடுத்தார். "வந்துகினு கீது. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

ஐப்பசி மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. முளைகள் ஒவ்வொன்றாக முழுகுவதை ஊரே கரையில் நின்று பார்த்தது.

"அண்ணா, இப்போ எங்க கீது?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் தண்ணீரைப் பார்த்தபடியே, "தெரியலம்மா" என்றார்.

மறுநாள் பெரியவர்கள் வைக்கோலோடு வந்தபோது அண்ணி கதவைத் திறக்கவில்லை. "தெரியலன்னுதான சொன்னாரு. செத்துப் பூட்டாருன்னு சொல்லலியே" என்று உள்ளேயிருந்து சொன்னாள். காரியத்தை முடித்துவிடச் சொல்லித் துரைசாமியே வந்து கெஞ்சினார். அவள் அசையவில்லை. அடுத்த வருஷமும் கெஞ்சினார். அதற்கு அடுத்த வருஷம் அவள் வீட்டு வழியே நடப்பதை விட்டுவிட்டார்.

போன பொங்கலுக்கு அவரைப் பார்த்தேன். "முழுகிட்ச்சின்னு அன்னிக்கு ஒரு பொய் சொல்லியிருக்கணும்டா ஏழுமலை" என்றார். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஒரு பேச்சுதான்.

அன்றைக்குக் கரையில் நின்றவர்களில் என்னைத் தவிர்த்தால் ஒருத்திதான் மிச்சம். துரைசாமியின் சாவுக்கு வந்திருந்தாள், மஞ்சள் பூசிய முகமும் குங்குமமுமாக. என் அண்ணி பச்சையம்மாள்.