பொன்னேரியில் ஒரு திறந்த கார்

அந்தக் காரை வாங்கியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. எனக்குக் கல்யாணம் ஆகும் என்ற எண்ணத்தை வீட்டில் எல்லோரும் எப்போதோ விட்டிருந்தார்கள். பொன்னேரியில் வாடகை வீடு, கும்மிடிப்பூண்டியில் கிளினிக். எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. வேலைக்கு வந்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள்தான் என் நோயாளிகள்.

எண்ணூர்ப் பக்கம் கட்டுமான வேலைக்காக வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரின் மனைவிக்கு டைபாய்டு வந்தபோது நான்தான் வைத்தியம் பார்த்தேன். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அந்தக் காரை விற்றுவிட்டுப் போக வேண்டியிருந்தது. கார் கப்பலில் வந்து இறங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் இங்கத்து வெயிலையும் புழுதியையும் பார்த்து மிரண்டு அதில் ஏறவே இல்லையாம். பக்கத்து இருக்கையில் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. நான்தான் கிழித்து எடுத்தேன்.

சின்னஞ்சிறு கார். வெளிர்மஞ்சள் நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம். பின்னால் ஒரு கூடை வைக்க இடம் உண்டு. கித்தான் கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் தலைக்கு மேலே வானம். என்னிடம் அதற்கு முன்பு இருந்தது ஒரு பழைய கறுப்புக் கார். பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதை ஓட்டும்போது வேகத்தில் ஆசை வந்ததே இல்லை. இதில் தச்சூர் கூட்டுரோட்டைத் தாண்டி ஆந்திரா போகும் நெடுஞ்சாலையில் ஏறி ஒரு மிதி மிதித்ததும் ஒரு குதூகலம் வந்தது. ஊஞ்சலில் உயரப் போய்த் திரும்பும்போது வருமே, அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கவரைப்பேட்டைவரை போனேன்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் புரிந்தது. இருக்கை ரொம்பத் தாழ்வு. பக்கத்தில் லாரி வந்தால் அதன் சக்கரம் என் முகத்துக்கு நேராக உருளும். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகாவிட்டால் கண்ணை மறைத்துவிடும். அரிசி மில் பக்கம் போனால் நெல் அவிக்கிற வாடை, இரும்பு உருக்குகிற இடத்தைத் தாண்டினால் தொண்டைக் கரிப்பு, எல்லாம் நேராக மூக்குக்குள். மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. ஈரத்துண்டு ஒன்று எப்போதும் கூடவே வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், ஒளிய இடமில்லாதது. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாள் வண்டி நெரிசலில் நின்றேன். பக்கத்தில் ஒரு பஸ். அதன் ஜன்னல் முழுவதும் தலைகள், என் மடிக்குள் எட்டிப் பார்த்தபடி. அதில் ஒருத்தி என்னிடம் மருந்து வாங்கிப் போனவள்.

"டாக்டரம்மா! நாக்கு இன்னும் வெள்ளையாத்தான் இருக்குது, பாரேன்!" என்று மேலே இருந்தே நாக்கை நீட்டினாள்.

பஸ்ஸே சிரித்தது. "சாயங்காலம் வா, பாக்குறேன்" என்றேன். பஸ் நகர்ந்தது. அந்தத் தலைகள் எல்லாம் வேறு எதையோ பார்க்கத் திரும்பிக்கொண்டன.

ஊரில் அதற்குப் பெயர் தோணி. "டாக்டரம்மா தோணி வந்துடுச்சி" என்பார்கள். ஆனால் தோணியில் ஏறத்தான் ஆள் இல்லை. கிளினிக் கம்பவுண்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அவரும் பொன்னேரிதான். முதல் நாள் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டேன். மருந்துப் பையை மார்போடு அணைத்து, முதுகை நிமிர்த்தி, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி வந்தார். இறங்கும்போது, "தப்பா நினைக்காதேம்மா. எல்லாரும் நம்மளயே பாக்குறாங்கோ. நான் பஸ்லயே வந்துர்றேன்" என்றார். வயசு வந்த ஆண்களை ஏற்ற முடியாது, பேச்சு வரும். பெண்களோ, தலை கலையும் என்பார்கள், கூச்சம் என்பார்கள். ஆரணிப் பக்கம் நெல் பயிரிடும் என் அண்ணன் ஒரு முறை வந்திருந்தபோது காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னாமா இது? கூரை எங்க?"

"மடிச்சு வச்சிருக்குண்ணே. வேணும்னா போட்டுக்கலாம்."

"ஒரு மூட்டை நெல்லு ஏத்த முடியாது. உங்க அண்ணியும் புள்ளைங்களும் வந்தா எங்க குந்துவாங்க? காசு குடுத்து வாங்குறவ நாலு பேரு குந்துற மாதிரி வாங்கக் கூடாது?"

என் வீட்டில் நாலு பேர் எங்கே இருந்தார்கள்?

ஒருத்தி இருந்தாள். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. ஆறு வருஷம் அதே வீட்டில் இருவரும் ஒன்றாகக் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் பழவேற்காடு போய் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருவோம். அவளுக்கு முப்பத்தைந்தாவது வயதில் வரன் வந்தது. பம்பாயில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். கல்யாணமாகி அவள் போன பிறகும் ரொம்ப நாள் இரண்டு பேருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். சோறு மிஞ்சும். பேச்சு மிஞ்சினால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. காரை முதன்முதலாகப் பார்த்தபோது அந்தப் பக்கத்து இருக்கையில் நான் பார்த்தது அவளைத்தான். அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அவள் தஞ்சாவூர் போகும் வழியில் இரண்டு நாள் என்னோடு தங்கப்போவதாக டெலிபோனில் டிரங்க் கால் போட்டுச் சொன்னாள். நான் கிளினிக்குக்கு லீவு விட்டேன். காரைக் கழுவித் துடைத்து, பழவேற்காட்டில் உட்கார்ந்து சாப்பிடப் புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல்கூடக் காய்ச்சி வைத்தேன். ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துப் போய் நின்றேன்.

ரயிலில் இருந்து அவள் இறங்கினாள். கூடவே அவள் கணவர், இடுப்பில் எட்டு மாதக் குழந்தை, இரண்டு பெட்டி, ஒரு படுக்கை. அவர்கள் எல்லோரும் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். குழந்தைக்குக் கிலுகிலுப்பைகூட வாங்கி வைத்திருந்தேன். ஆனாலும் காரை எடுக்கும்போது, எத்தனை பேர் ஏற முடியும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

"ஐயோ, என்னடி இது! பொம்மை மாதிரி இருக்கு!" என்று அவள் பானெட்டைத் தடவினாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது. கடைசியில் பெட்டியும் படுக்கையும் என் பக்கத்து இருக்கையில் ஏறின. அவர்கள் மூவரும் குதிரைவண்டியில் வந்தார்கள். குதிரைக்கு முன்னால் மெதுவாக, பெட்டியைச் சரியாமல் ஒரு கையால் பிடித்தபடி நான் வீடு வந்து சேர்ந்தேன்.

அவள் கணவர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். சாப்பாடு முடிந்ததும் வாசலில் போய் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாமா? காலேஜ்ல படிக்கறப்போ இந்த மாதிரி வண்டியைப் படத்துல பாத்ததுதான்."

எப்படி மாட்டேன் என்பது? சாவியைக் கொடுத்தேன். அவர் அவளைப் பார்த்து, "நீயும் வாயேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "போயிட்டு வா" என்றேன்.

"கொஞ்சம் குழந்தையைப் பாத்துக்கடி. இதோ, அஞ்சே நிமிஷம்."

குழந்தையை என் தோளில் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். கார் தெருமுனையில் திரும்பியது. கதவு இருந்தும் திறக்காமல் அவர் ஏறிக் குதித்ததும், அவள் சிரித்ததும் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

குழந்தை முதலில் அழுதது. கிலுகிலுப்பையை ஆட்டினேன். ஊரார் பிள்ளைகள் எத்தனையோ இந்தக் கையில் பிறந்திருக்கின்றன, ஆனால் ஒரு குழந்தையைச் சும்மா வைத்துக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை. கூடத்தில் நடந்தேன், கொல்லைக்குப் போனேன், காக்காய் காட்டினேன். அது தூங்கிப்போனது. வெயில் தாழ்ந்தது. விபத்தாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் பதறினேன். அப்புறம் எனக்கே தெரிந்துவிட்டது, எங்கே போயிருப்பார்கள் என்று.

"பழவேற்காடு வரைக்கும் போயிட்டோம்டி!" என்று சொல்லிக்கொண்டேதான் அவள் உள்ளே வந்தாள். கூந்தல் அவிழ்ந்து, முகமெல்லாம் காற்றடித்துச் சிவந்து, ஆறு வருஷத்தில் நான் பார்க்காத ஒரு முகம். "பூநாரை வந்திருக்கு, எவ்வளவு தெரியுமா? தண்ணியே தெரியல. இவர் பறவையையே பாத்திராத மாதிரி நின்னுட்டார்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அது பொங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"கோபமா?"

"இல்லையே."

"உன்கூடப் போகணும்னுதான்டி நினைச்சேன். வண்டி அந்த ரோட்டுல திரும்பினப்புறம் நிறுத்தச் சொல்ல மனசு வரல."

"அதான் நாளைக்கு இருக்கே" என்றேன்.

மறுநாள் விடியற்காலையில், கணவரும் குழந்தையும் தூங்கும்போது, என்னை எழுப்பினாள். மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. அவள் காதை மூடிச் சால்வை சுற்றிக்கொண்டாள். கித்தானை மடித்துவிட்டுக் கிளம்பினோம். ரயில்வே கேட் வரைக்கும் போயிருப்போம், கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தேன்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம். பனி முன் கண்ணாடியில் இறங்கியது.

"தனியா இருக்க பயமா இல்லையாடி உனக்கு?" என்று கேட்டாள்.

"பயமில்ல. பேச்சுதான் மறந்துபோகும்போல இருக்கு."

அவள் ரயில் பெட்டிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கும்தான்" என்றாள். "அவர் நல்லவர். ஒரு குறை சொல்ல முடியாது. காலையில எட்டரைக்குப் போனா ராத்திரிதான் வருவார். அடுத்த வீட்டுக்காரங்க பாஷை எனக்குப் புரியல. செடிகிட்டப் பேசுறேன்டி. பால்கனியில நாலு தொட்டி வச்சிருக்கேன். நேத்துதான் அவர் சிரிச்சு முதல் தடவையா பாத்தேன். உன் கார்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. நேற்று முழுவதும் அவள்மேல் எனக்குள் இருந்த கசப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அதற்குப் பதிலாக வந்தது சந்தோஷமும் இல்லை. அவளாவது நன்றாக இருக்கிறாள் என்று ஒரு நினைப்பு எனக்கு இதுவரை துணையாக இருந்திருக்கிறது, அதுவும் இனி இல்லை என்பதுதான் தோன்றியது.

கேட் திறந்தது. பின்னால் பால்காரர் சைக்கிள் மணி அடித்தார்.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?" என்று கேட்டேன்.

"குழந்தை எழுந்திருக்கும்டி" என்றாள்.

கேட்டைத் தாண்டாமல் காரைத் திருப்பினேன்.

அன்று மத்தியானமே அவர்கள் கிளம்பினார்கள். காய்ச்சிய புளிக்காய்ச்சலை ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அவளை நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அவள் தம்பி கல்யாணத்தில். இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. பந்தியில் அவளை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், எங்களால் பேச முடியவில்லை.

காரை நான்கு வருஷம் வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் கித்தான் மூன்று இடத்தில் ஒழுகும். நனைந்துகொண்டே கிளினிக் போய் இறங்குவேன். பிறகு உதிரி பாகம் கிடைக்காமல் போனது. மெட்ராசில் பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் வந்து வாங்கிப் போனார். அவர் அதைத் தெருவில் இருந்து வெளியே எடுக்கும்போது நான் கிளினிக்கில் ஒரு பிரசவத்தில் இருந்தேன். பெண் குழந்தை. தாய் மயக்கம் தெளிந்ததும், "யாரு மாதிரிம்மா இருக்குது?" என்று கேட்டாள். குழந்தையைத் துடைத்து, அவள் பக்கத்தில் படுக்கவைத்து, இரண்டு முகத்தையும் பார்த்து, "உன்ன மாதிரிதான்" என்றேன்.