தீபத்தைச் சுற்றித் தெரிந்த வளையம்

பட்டு நூல் தூசியால் எனக்கு அடிக்கடி கண் அரித்துச் சிவக்கும். டாக்டர் தந்த சொட்டு மருந்தை விட்டால் உடனே வெளுத்துவிடும்.

போன பங்குனி உத்திரத்துக்கு வந்திருந்த என் நாத்தனாருக்கும், தறிப்பக்கம் உட்கார்ந்ததில் கண் சிவந்தது.

"இப்படியே கோயிலுக்குப் போனா, கண்ணுவலின்னு ஒதுங்கிக்கினு போவாங்க. உன் மருந்த ஊத்தும்மா."

ஊற்றினேன். சிவப்பு மறைந்தது. நிம்மதியாகக் கிளம்பினோம்.

தீபாராதனையின்போது என் கையை இறுகப் பிடித்தார்.

"தீபத்தச் சுத்தி கலர் கலரா வளையம் தெரியுதும்மா!"

அம்மன் அருள் என்று பக்கத்திலிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் கும்பிட்டேன்.

வெளியே வந்தால், தெருவிளக்கைச் சுற்றியும் வளையம் என்றார். இது அருள் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணும் தலையும் பிளக்கிறது என்று அங்கேயே வாந்தியெடுத்தார். ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்து ஊற்றியதையும் அங்கே சொன்னேன்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடுச்சு, அதான் வளையம் தெரிஞ்சிருக்கு. இவங்க கண்ணுக்கு இந்த மருந்து ஆகாது. காலையில பாத்துக்கலாம்னு இருந்திருந்தா பார்வையே போயிருக்கும்" என்றார் டாக்டர்.

பார்வை தப்பியது. என் மருந்தை இப்போது யார் கேட்டாலும் தருவதில்லை. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று யாராவது சொன்னால், நான் கும்பிடுவதும் இல்லை. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகிறேன்.