தேரைக் கண்டு உட்கார்ந்த குட்டி

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. பெருமாளைப் பார்க்க ஊர் உலகமெல்லாம் பஸ் பிடித்து வரும். இவர்கள் வாசலுக்கோ பெருமாளே தேரேறி வருவார். நாங்களும் அந்த வீதியில்தான் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். ஆனால் எனக்கு அந்தப் பெருமை கிடையாது. தேரன்று மேளமும் வேட்டும் கிளம்பியதுமே நான் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். ஸ்கூலுக்குப் போகிற வயது வந்தும், குக்கர் விசிலடித்தாலே பதுங்குகிற பெண் நான். "இந்தக் காதை வச்சுக்கிட்டு இது எப்படித்தான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகப் போகுதோ" என்பார் அப்பா.

அந்த வருஷம் அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு தங்கி ஒரு செல்போன் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாசி மாதத்தில் ஒரு நாள், கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்த தோழி வீட்டிலிருந்து ஒரு செவலை நாய்க்குட்டியைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தாள். பையிலிருந்து தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

கீழே குடியிருந்த வீட்டுக்கார மாமி மெனக்கெட்டுப் படியேறி வந்து பார்த்தார்.

"சமத்தாத்தான் இருக்கு. ஆனா தேரன்னிக்கு இது குலைச்சு ரகளை பண்ணித்துன்னா, மறுநாளே கொண்டுபோய் விட்டுடணும். பெருமாள் வர்ற வாசல், கேட்டியோ?"

"சரிங்க மாமி" என்றாள் சித்தி.

அன்று மாலையே குக்கர் விசிலடித்தது. குட்டி விழுந்தடித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. நான் ஏற்கெனவே அங்கேதான் இருந்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிஷத்திலிருந்து அது என் குட்டி. அதை விட்டுவிட வேண்டிவரும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

சித்தி தரையில் குப்புறப் படுத்து எங்கள் இருவரையும் எட்டிப் பார்த்தாள். "பயந்த நாய்தான் பின்னால கடிக்கும். வளர்ந்தப்புறம் அடிச்சாலும் திருந்தாது. பால்பல்லு இருக்கும்போதே பழக்கிடணும்." எல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்த படிப்பு.

"நாய்க்கு டியூஷனா? ஹோம்வொர்க்கும் உண்டா?" என்றார் அப்பா.

தட்டும் கரண்டியும் என் கைக்கு வந்தன. "நீதான் அடிக்கணும். எனக்குக் கை ஒழியாது" என்று சொல்லிவிட்டாள் சித்தி. நான் அடுப்படிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லத் தட்டுவேன். வெளியே சித்தி பால் பிஸ்கட்டை உடைத்துப் பாதியைக் குட்டிக்குக் கொடுப்பாள். மறு பாதி எனக்கு. "உழைச்சவளுக்குக் கூலி வேணாமா?" என்பாள். பிறகு கதவைத் திறந்துவைத்துத் தட்டினேன். பிறகு கூடத்தில். "காதைப் பாரு. காது பின்னால மடங்கினா நிறுத்திடு. இதுல அவசரம் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். காது மடங்கினால் நான் இரண்டடி பின்னால் போவேன். நிமிர்ந்தால் ஒரு அடி முன்னால். அப்புறம் போனில் மேளச் சத்தம் வைத்தாள். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் பொறுப்பு. குட்டியின் தைரியத்தை நான்தான் விரலால் திருகிவிடுகிறேன் என்று எனக்கு ஒரே கர்வம்.

சித்திரை பிறந்து, தேரும் வந்தது. கீழே வாசலில் ஒரே ஜனம். குட்டியின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுச் சித்தி பக்கத்தில் நின்றுகொண்டாள். "ரங்கா! ரங்கா!" என்று வீதியே கத்தியது. மேளம் நெருங்கியது. நான் குட்டியின் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காது மெல்ல மடங்கியது. இரண்டடி பின்னால் போகலாமென்றால் பின்னால் ஜனம். பக்கத்திலேயே டமார் என்று ஒரு வேட்டு. மடங்கிய காது அசைந்தது, நிமிர்ந்தது. குட்டி சப்பென்று உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி, மேளம் வந்த திசையையே பார்த்தபடி அசையாமல் இருந்தது.

மேளம் என்றால் பிஸ்கட் என்பது அதன் கணக்கு. அது வீதிக்குத் தெரியுமா?

"யேய், இங்க பாருடா, நாய்க்குட்டி சாமி கும்பிடுது!"

"நம்ம பயலைவிடத் தேவலை. அவன் போனை நோண்டிக்கிட்டு நிக்கிறான்."

மாமி கைகூப்பிவிட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "பூர்வ ஜென்ம வாசனைடி இது! இதையா நான் கொண்டுபோய் விடச் சொன்னேன்!"

சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அப்போதுதான் நான் நிமிர்ந்தேன். கோபுரம் ஒன்று எழுந்து நடந்து வருகிற மாதிரி தேர் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. அத்தனை துணியும் காற்றில் படபடக்க, அத்தனை பெரியது, எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதுவரை எனக்குத் தேர் என்றால் கட்டிலுக்கு மேலே கேட்கிற சத்தம்தான். வாயைத் திறந்துகொண்டு நின்றேன். சித்தி குட்டிக்குப் பாதி பிஸ்கட்டைக் கொடுத்தாள். என் திறந்த வாயில் மறு பாதியை வைத்தாள்.

பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். தேர் வந்து நிற்கிறது, வீதியே குட்டியை அதிசயமாகப் பார்க்கிறது. அம்மா இரண்டையும் பார்க்கவில்லை. காதைப் பொத்தாமல் நின்ற என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சித்தியின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கன்னத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கிறதாக்கும் என்று நினைத்து நான் துடைத்துக்கொண்டேன்.