துருப்பிடிக்காத ஒடுக்கு

பகல் முழுக்கத் துருவைச் சுரண்டி எடுக்கிற ஒருவர், வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து துருவை உண்டாக்குவது எதற்காக?

எங்கள் தெரு பெயிண்டரைப் பற்றி எனக்கு வெகுநாளாக இருந்த கேள்வி இது. ஒர்க்ஷாப்பில் அவர் வேலை, இடிபட்ட வண்டிகளுக்கு ஒடுக்கு எடுத்து, பட்டி வைத்துத் தேய்த்து, புதுசு போல வர்ணம் அடிப்பது. வீட்டில், சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், கையளவு பிளாஸ்டிக் லாரிகளைப் பாகம் பாகமாக ஒட்டி, வர்ணம் பூசி, பிறகு அவற்றைக் கிழடாக்குவார். ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிள்ளி, பழுப்பு வர்ணத்தில் தொட்டு, தாளில் ஒற்றிவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதை விளிம்புகளில் வைப்பார். சாக்பீஸ் தூள் சக்கரத்தில் புழுதியாகும். பென்சில் தீற்றல், வர்ணம் தேய்ந்த இரும்பாகும். எல்லாமே நன்றாக வந்தன என்று சொல்ல மாட்டேன். முதல் சில லாரிகள் கடலில் மூழ்கி எடுத்தவை போலிருந்தன.

அவரை வளர்த்தது அக்காவும் மாமாவும். அக்கா கல்யாணமாகிப் போனபோது பத்து வயதுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். மாமா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமாவிடம் சொந்தமாக ஒரு லாரி இருந்தது. பெயிண்டரின் சாப்பாடு, படிப்பு எல்லாம் அது ஓடிய ஓட்டத்தில் வந்தவை. இதையெல்லாம் மாமாவிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு மனசில் உண்டு, வாய்தான் வரவில்லை. போன வருஷம் லாரி பழைய இரும்புக்குப் போனது. மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். பெயிண்டர் அந்த லாரியையே சின்னதாகச் செய்ய உட்கார்ந்தார். நான்கு மாதம் ஆயிற்று.

"இதைப் பாத்து மாமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, அப்புறம் நான் எதை வெச்சு சொல்றது?" என்று என்னிடம் கேட்டார்.

கொடுக்கப் போன அன்று துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு லாரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு வண்டி மாப்ளே இது?"

பெயிண்டரின் முகம் தொங்கிப்போனது. "உங்களோடதுதான் மாமா."

"என் வண்டிக் கதவுல துருவா? தினம் கழுவினவன்டா நான்!"

"தான் குளிச்சாரோ இல்லையோ, அதைக் குளிப்பாட்டிடுவாரு" என்றார் அக்கா, சமையலறையிலிருந்து.

"நீ சும்மா இரு. மாப்ளே, இங்க பாரு, சன்னலுக்குக் கீழ. என் முழங்கை பட்டுப் பட்டு வர்ணமே போயிருக்கும். கயிறு கட்டற கொக்கிகிட்ட தேஞ்சிருக்கும். துரு தண்ணி தேங்கற இடத்துல வரும்டா, உன் இஷ்டத்துக்கு வராது."

மாமாவின் விரல் முன்சக்கரத்து மட்கார்டில் வந்து நின்றது.

"அந்த ஒடுக்கு எங்க?"

பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார். இருபது வயதில், கேட்காமல் சாவியை எடுத்து, லாரியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட் தூணில் கொண்டுபோய் மோதியவர் அவர்தான். வீட்டில், "நான்தான் இடிச்சேன்" என்று சொல்லிவிட்டார் மாமா. பிற்பாடு பெயிண்டர் எத்தனை கெஞ்சியும் அந்த ஒடுக்கை எடுக்க அவர் விட்டதில்லை.

"அது எதுக்கு மாமா, அசிங்கமா?"

"அது இல்லன்னா இது எவன் லாரியோ! உன்னை டிரைவராக்கினா ஊர்ல ஒரு தூண் மிஞ்சாதுன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. மறுவாரமே ஒர்க்ஷாப்ல சேத்துவிட்டேன்."

அக்கா கரண்டியோடு வந்து நின்றார். "அது இவன் செஞ்ச வேலையா? இருபத்தஞ்சு வருஷமா உங்களை இல்ல திட்டிக்கிட்டிருக்கேன்!"

"பழகிப்போச்சு, விடு" என்றார் மாமா. லாரியைப் பெயிண்டரின் கையில் வைத்து, அந்தக் கையைக் கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "சரி பண்ணிக் கொண்டா. எனக்கு வேணும்."

பெயிண்டர் லாரியை மடியில் வைத்துக்கொண்டார். சொல்ல வந்தது போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

இப்போது அந்த லாரி மாமா வீட்டு டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. கதவுத் துரு போய்விட்டது. முழங்கைத் தேய்மானம் வந்துவிட்டது, கொக்கிகளும் சரி. நன்றாக இருக்கிறது என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். மட்கார்டை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி, கட்டைவிரலால் அழுத்தி ஒடுக்கையும் போட்டிருக்கிறார்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. தகடு நெளிந்து வர்ணம் வெடித்த இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அவர் தொழிலே அது. ஆனால் அந்த ஒடுக்கில் மட்டும் ஒரு பொட்டுத் துரு இல்லை. இன்றைக்கு அடித்த வர்ணம் போல அது பளபளக்கிறது.

ஏன் என்று பெயிண்டரிடமே கேட்டேன்.

"டீ ஆறுது, குடிங்க" என்றார்.