அமெரிக்க வேகனில் ஊர் திரும்பியவர்

எரிந்த பெயின்ட் வாசனை... கையை எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பாட்டுக் கோப்பை வரைக்கும் கூடவே வரும்.

அப்போது வளைகுடாவில், தம்மாம் ரயில்வே யார்டில் எனக்கு கேஸ் சுடரால் இரும்பை வெட்டுகிற கட்டிங் வேலை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓடி முடிந்த பழைய சரக்கு வேகன்களை வெட்டித் துண்டாக்க வேண்டும். எதை வெட்டுவது என்று சோக்கால் குறி போடுபவர் மார்செல். அறுபதை நெருங்கிய பிரெஞ்சுக்கார இன்ஸ்பெக்டர். வேலையைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

ஒருநாள் காலை ஒரு வேகனின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அமெரிக்காவில் செய்தது என்று அதில் ஒரு தகடு.

"சேர், ஏதும் பிரச்சினையா?"

அவர் சொன்னார்: இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபோது இதே மாதிரி அமெரிக்க வேகன்கள் கப்பல் கப்பலாகப் பிரான்சுக்கு வந்தனவாம். பிரான்சின் சொந்த வேகன்களெல்லாம் குண்டுவீச்சில் நாசம். ஏழு வயசில், தாயோடு அப்படியொரு வேகனில் வைக்கோல்மேல் உட்கார்ந்துதான் அவர் ஊர் திரும்பினார். அப்பாவை ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"அம்மா தினமும் ஸ்டேஷனுக்குப் போவார். ஒவ்வொரு வேகன் கதவு திறக்கும்போதும் உள்ளே எட்டிப் பார்ப்பார். அப்பா வரவேயில்லை."

நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் ஒருவருக்கும் சொல்லாததை அன்றைக்கு நான் அவரிடம் சொன்னேன். என் தம்பி ரவி. பதினேழு வயசு. தொண்ணூற்றைந்தில், சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்த அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தவன்... திரும்பிப் பார்த்தபோது சனம்தான் இருந்தது, அவன் இல்லை.

மார்செல் வேகனில் குறி போட்டார். "வெட்டு. இது வெறும் இரும்பு," என்றார். பிறகு என்னை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், யுத்தத்தில் காணாமல்போனவர்களைத் தேடுகிற அமைப்புக்குத் தானே ஒரு கடிதம் டைப் செய்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. வவுனியாவிலிருந்த அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, பிடிபட்ட ஆக்கள், செத்த ஆக்கள், அவையின்ர ஒரு லிஸ்டிலயும் தம்பியின்ர பேர் இல்லையாம்."

அம்மா உடனே கேட்டா.

"பேர் இல்லையெண்டா அவன் உயிரோட இருக்கிறான் எண்டுதானே மோனை அர்த்தம்?"

மார்செலிடம் இதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் அம்மாவும் இதையேதான் சொன்னார்," என்றார். அவ்வளவுதான். அந்த வருஷக் கடைசியில் கான்ட்ராக்ட் முடிந்து தன் நாட்டுக்குப் போய்விட்டார்.

இப்போதும் வளைகுடாவில்தான், புஜைராவில் இருக்கிறேன். மலைகளுக்கு நடுவே புத்தம்புது சரக்கு ரயில் ஓடுகிறது. அம்மா போன வருஷம் காலமானா. கடைசிக் கிழமையும் "ரவிக்கு நண்டுக்கறி எண்டால் போதும்" என்றுதான் சொன்னா. அவனைப் பற்றி இறந்தகாலத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு ஒரு பதிலுக்கு எட்டு மாசம். இன்றைக்கு ஃபோனில் பேரைத் தட்டினால் ஒரு நொடி. லீவு நாட்களில் தட்டிப் பார்ப்பேன்... அதே பேரில் எத்தனையோ முகங்கள் வருகின்றன. அவனுக்கு இப்போது ஐம்பது நெருங்கியிருக்கும். எந்த முகத்தைத் தேடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.