கிலோ மாப்பிள்ளையின் எட்டு சீட்டு வண்டி

என் தங்கை புருஷனுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. கெட்டிக்காரர், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. என்ன, மனிதர்களைத் தலை எண்ணிப் பார்க்க மட்டும் அவருக்கு வராது. லிஃப்டுக்குள் அடித்திருக்கும் தகடு சொல்கிறபடிதான் அவருக்குக் கணக்கு. ஓர் ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ. அதற்குக் குறைந்தால் முக்கால் ஆள், அரை ஆள். கல்யாண வாசலில் என் பெரியப்பாவுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டே, "ஒண்ணரை ஆள் இருப்பார் போல, மச்சான்" என்று என் காதில் சொன்ன மகராசன். தெருவில் அவருக்குக் 'கிலோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நானும் ஆட்சேபிக்கவில்லை.

ஒன்பது வருடத்தில் ஐந்து பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயது. அப்புறம் ஆறு வயதில் இரட்டைப் பையன்கள், நாலு வயதில் ஒருத்தி, இரண்டு வயதில் ஒரு வாலு. ஐந்தும் ஐந்து பக்கம் ஓடும். இந்தப் பட்டாளத்துக்கு, ஐந்து பேர் உட்காரும் சின்னக் கார் ஒன்று. நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"மாப்பிள்ளை, ஏழு பேர் ஆச்சு. பெரிய வண்டியா பாருங்களேன்."

"எங்க மச்சான் ஏழு பேர்? பிள்ளைங்க அஞ்சும் சேர்ந்து எண்பத்தெட்டு கிலோ. ஒண்ணேகால் ஆள். எங்களையும் சேர்த்தா மூணு ஆளுதான் வருது. வண்டியில இன்னும் ரெண்டு ஆளுக்கு இடம் கிடக்கு!"

இடம் கிடந்த லட்சணம் என் தங்கைக்குத்தான் தெரியும். மடியில் இரண்டு, காலடியில் ஒன்று, விலாவில் ஒரு பையனின் முழங்கை. வண்டி ஓட்டுகிற மகாராஜா மடியில் மட்டும் ஈ கூட உட்காராது.

ஒருநாள் சிக்னலில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

"எத்தனை பேர் சார் உள்ள?"

"மூணு பேர்" என்றார் நம்மாள், மனசாட்சிப்படியே.

போலீஸ்காரர் மறுபடி குனிந்து பார்த்தார். ஏழு ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. "என்னைப் பார்த்தா உங்களுக்கு எப்படிய்யா தெரியுது?"

"எண்பத்திரண்டு இருக்கும் சார்."

கிண்டலுக்குச் சொல்லவில்லை, பாவம். கேட்டதற்குப் பதில் சொன்னார். இன்னொரு தடவை பார்த்தால் வண்டியையே பிடுங்கிவிடுவேன் என்று அந்த மனிதர் கத்திய கத்தலில் சின்னது பயந்து வாந்தி எடுத்துவிட்டது.

அன்றோடு சட்டத்துக்குக் கட்டுப்பட்டார் மாப்பிள்ளை. காரில் அவரும் நாலு பிள்ளைகளும். சின்னதை வைத்துக்கொண்டு என் தங்கை வீட்டில். பூங்காவா, அவர்கள் போவார்கள்; அவள் வீட்டில். உறவில் கல்யாணமா, அதுவும் அப்படியே. "நான் பஸ்ல வந்துடறேங்க" என்றால், "வீட்டுல கார் இருக்கும்போது பஸ்ஸா? நாலு பேர் என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்பார். அந்த நாலு பேர் எத்தனை கிலோ என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மூத்தவளின் பள்ளி ஆண்டு விழாவுக்கும் அவள் போகவில்லை. மாப்பிள்ளை ஃபோனில் படம் எடுத்து வந்து காட்டினார். பத்து நிமிடம் முழுக்க முன்வரிசைக்காரர் ஒருவரின் வழுக்கை. "சவுண்டு தெளிவா இருக்குல்ல?" என்று வேறு கேட்டார்.

பெண் மட்டும் ஒன்று சொன்னாள். "எல்லாரோட அம்மாவும் வந்தாங்க. உனக்கு அம்மா இல்லையான்னு டீச்சர் கேட்டாங்கம்மா."

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்து, சமையலறையில் நின்றபடியே அழுதாள் என் தங்கை. "அடுத்த விழாவுக்கு நான் முன்வரிசையில உட்காரணும் அண்ணா. அவ என்னைப் பார்க்கணும். எனக்கு வேற ஒண்ணுமே வேணாம்." எனக்கு வந்த கோபத்துக்கு மாப்பிள்ளை எதிரில் இருந்திருந்தால் அரை ஆளாக்கியிருப்பேன்.

நானே போய் அவரைப் பிடித்து உலுக்கி, பழைய வண்டி விற்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். எட்டு சீட்டு வேன் ஒன்று நல்ல நிலையில் நின்றது. மாப்பிள்ளை உள்ளே ஏறி மூன்று தடவை குதித்துப் பார்த்தார். பக்கக் கதவை இருபது தரம் திறந்து மூடினார். "எத்தனை கிலோ தாங்கும்னு போட்ட தகடு எங்கே?" என்று கேட்டார். விற்கிறவர் என் முகத்தைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். கூட வந்த என் தங்கை ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்தவள், பேரம் முடிகிற வரைக்கும் இறங்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

முதல் ஞாயிறு கிளம்பினார்கள். ஏழு பேர், எட்டு சீட்டு. ஒரு சீட்டு மிச்சம் என்று நீங்களும் நானும் நினைப்போம். மாப்பிள்ளையின் தகடு வேறு கணக்குச் சொன்னது. "எட்டு ஆளுன்னா ஐந்நூத்து நாற்பத்துநாலு கிலோ. நாங்க மொத்தமே இருநூத்துப் பத்து. முந்நூறு கிலோ சும்மா போகுதுக்கா, மாமாவையும் கூட்டிட்டு வந்துடு!" என்று தன் அக்காவுக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

அக்கா கரும்பு தின்னக் கூலியா கேட்பார்? புருஷனோடு வந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏழும் இரண்டும் ஒன்பது. போலீஸ் ஞாபகம் வந்ததும் மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். அக்காவை இறங்கச் சொல்ல அவருக்கு நா எழுமா? பெண்டாட்டியிடம் மட்டும் சரளமாக வந்தது. "நீதான் விட்டுக்கொடுக்கற மனசுக்காரியாச்சே."

விட்டுக்கொடுத்தாள். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் விட்டுக்கொடுத்தாள். முன்பு துணைக்குச் சின்னதாவது இருக்கும். இப்போது அதுவும் வண்டியில் போய்விட்டது.

நாலாவது வாரம் என் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து நின்றாள். முகத்தில் அழுகை இல்லை.

"நான் எங்க உட்கார்ந்தாலும் யாராவது வந்துடறாங்க அண்ணா. யாரும் கேக்காத சீட்டு அந்த வண்டியில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஓட்டச் சொல்லிக் கொடு."

சொல்லிக்கொடுத்தேன். தங்கை என்று பார்க்காமல் திட்டினேன். என் கேட்டை ஒரு தடவை இடித்தாள், அடுத்த வீட்டுக் கேட்டை இரண்டு தடவை. லைசென்ஸ் முதல் தேர்விலேயே வாங்கினாள். "பொழுது போகணும்ல, கத்துக்கட்டும்" என்று மாப்பிள்ளை பெரிய மனது பண்ணியிருந்தார்.

அடுத்த ஆண்டு விழா அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மாப்பிள்ளை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள் வண்டி நிறைந்துவிட்டது. உள்ளே அக்கா, அவர் புருஷன், பிள்ளைகள் ஐந்து. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் தங்கை.

"இறங்கும்மா, நேரமாச்சு."

"ஆமாங்க, நேரமாச்சு" என்று எஞ்சினைக் கிளப்பினாள்.

"அப்ப நான் எங்க உட்கார?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க அக்காவைக் கேளுங்க."

மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார். அக்கா பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, "பார்த்து வா தம்பி" என்றார். வேன் கொஞ்சம் உலுக்கிக்கொண்டு கிளம்பியது, ஆனால் தெருமுனையில் நான் சொல்லிக்கொடுத்தபடியே அழகாகத் திரும்பியது. என் ஸ்கூட்டரில் ஏறச் சொன்னேன். ரோஷக்காரர், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

நாடகத்தில் மூத்தவள் மலை வேஷம். பழுப்புச் சாக்குக்குள் முகம் மட்டும் தெரிய நிற்க வேண்டும். எது நடந்தாலும் மலை அசையக் கூடாது என்று டீச்சர் இருபது நாளாகப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். திரை விலகியது. ராஜா வந்தார், மந்திரி வந்தார், இருவரும் ஏதோ பேசினார்கள். மலையின் கண்கள் மட்டும் முன்வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்தன.

என் தங்கையிடம் வந்ததும் நின்றன. அவ்வளவுதான், மலை இரண்டு கையையும் சாக்கோடு தூக்கி ஆட்டியது. "டீச்சர், அதுதான் எங்கம்மா!"

ராஜாவுக்கு வசனம் மறந்துபோயிற்று. அரங்கமே சிரித்தது. என் தங்கை எழுந்து நின்று, வெட்கமில்லாமல் அழுதுகொண்டே, திருப்பிக் கையை ஆட்டினாள்.